கையெழுத்து என்னோடது, சாவி யாரோடது?

நாம் போய்ச் சேர்ந்தபோது அக்கா களை எடுத்துவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகள் ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவர். கடலூர் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்று, 2020 ஜனவரி 6-ஆம் தேதி பதவி ஏற்றவர். 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இப்போது ஊராட்சியைத் தனி அலுவலர் பார்க்கிறார், அக்கா பழையபடி வயல் வேலைக்குப் போகிறார். ஆனாலும் நாம் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஒரு பாட்டி கையில் பையோடு வந்துவிட்டார். "தலைவர் இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்.

பெயரும் ஊரும் போட வேண்டாம் என்றார் அக்கா. பயமா என்று கேட்டோம். "பயம்னு இல்ல தம்பி. மறுபடி நிக்கிற எண்ணம் இருக்கு. இப்பவே பேர் போட்டு எதுக்குக் கிளப்பணும்?" என்றார்.

நம் மாவட்டத்தில் 683 ஊராட்சிகள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் நூற்றுக்கு 29 பேர் பட்டியலினத்தவர். தோராயமாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 200 ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியலினத்தாருக்கு வரவேண்டும். பெண்களுக்கு 50 சதவீதம் என்று தமிழக அரசு 2016-இல் சட்டத்தைத் திருத்தியதால் அதில் பாதி நம் பெண்களுக்கு. ஆக, நூறு குடும்பங்களிலாவது ஒரு பெண் தலைவர் பதவியில் இருந்திருப்பார். இந்த நூறு பேரில் எத்தனை பேர் தன்னைத் தலைவர் என்று தானே நம்பினார்கள்? அக்காவிடம் நாம் கேட்கப் போனது அதைத்தான்.

உட்காருன்னு யாரும் சொல்லல

பதவி ஏற்ற நாளை அவர் மறக்கவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலிகள் கிடந்தன. வார்டு உறுப்பினர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்தார்கள், அவர்களும் உட்கார்ந்தார்கள். அக்கா கதவோரம் நின்றார்.

"உட்காருன்னு யாரும் சொல்லல. உட்காராதேன்னும் யாரும் சொல்லல. நானே நின்னுட்டேன். அதான் தம்பி எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. ஒருத்தன் தடுத்திருந்தா சண்டை போட்டிருப்பேனோ என்னமோ. தடுக்கவே இல்லையே, என் காலே நின்னுடுச்சே."

ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் கேட்டதற்கு "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்று சொல்லியிருக்கிறார்.

தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை என்று பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று தினமும் சொல்லுங்கள் என்கிறார்கள். அதைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை, சிலருக்கு அது உதவியும் இருக்கிறது. ஆனால் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தாய்க்குப் பிறந்து, அறுவடைக் கூலியைத் தரையில் உட்கார்ந்து வாங்கிப் பழகிய உடம்புக்கு, நாற்காலியில் உட்கார்வது மனதின் சமாச்சாரம் மட்டும் அல்ல. முழங்கால் மடங்க வேண்டும். அதற்கு ஒரு தலைமுறைப் பழக்கத்தை உடைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே நின்றுவிட்ட பெண்ணைப் பார்த்து "உனக்குத் தைரியம் இல்லை" என்று சொல்வது நியாயம் இல்லை என்றே நமக்குப் படுகிறது.

மூன்று கேள்விகள்

பதவி ஏற்ற பிறகு கிளர்க் சாயங்காலம் வீட்டுக்கு வருவாராம். ஊராட்சி செயலரை இன்றும் கிராமத்தில் கிளர்க் என்றுதான் சொல்கிறோம். தீர்மானப் பதிவேடு, காசோலைப் புத்தகம் எல்லாம் அவர் பையிலேயே இருக்கும். "இங்க போடும்மா, இங்க போடும்மா" என்று விரலால் காட்டுவார். அக்கா போடுவார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், வாசிக்கத் தெரியும். ஆனால் வாசிக்கிற அளவுக்குப் பதிவேடு அவர் கையில் நின்றதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு நாள் கிளர்க் பதிவேட்டை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் அதைப் பிரித்துச் சத்தமாக வாசித்திருக்கிறாள். காலனியில் குடிநீர்க் குழாய் பழுது பார்த்ததாக ஒரு தீர்மானம், தொகையோடு. அம்மா கையெழுத்து போட்டிருக்கிறார். காலனியில் குழாய் உடைந்து மூன்று மாதமாக அப்படியே கிடந்தது. அந்தக் குழாயில் தண்ணீர் வராமல் மகளே தினமும் குடத்தோடு மோட்டார் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ போட்ட கையெழுத்தாலதான் நான் தண்ணிக்கு அலையிறனா?" என்று கேட்டாளாம்.

அன்று இரவு மகள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தாள். என்ன வேலை? எங்கே? எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் கையெழுத்து போடாதே என்றாள். அக்கா அந்தத் தாளை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை கிளர்க் வந்தபோது, "வச்சுட்டுப் போங்க சார், படிச்சுட்டுப் போடறேன், நாளைக்கு வாங்க" என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது குரல் நடுங்கியது. கிளர்க் சிரித்தார். "பதிவேட்டை வெளிய வைக்கக் கூடாதும்மா" என்றார். "அப்போ நான் ஆபீசுக்கு வந்து படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாராம். வெளியே வந்து பார்த்தால் ஆள் இல்லை.

"என்ன ஆகுமோன்னு ராத்திரி பூரா தூங்கல. விடிஞ்சுது. ஒண்ணும் ஆகல. கோழி கூவுச்சு, பால்காரன் வந்தான். அட, இவ்ளோதானான்னு இருந்துச்சு."

அந்த "இவ்ளோதானா"வை நாம் நோட்டில் அடிக்கோடிட்டுக் கொண்டோம்.

ஆனால் அலுவலகத்துக்குப் போனால் பூட்டு. சாவி துணைத் தலைவர் வீட்டில். "கையெழுத்து என்னோடது, சாவி யாரோடது?" என்று அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. சாவிக்காக அவர் சண்டை போடவில்லை. மகளிர் குழுப் பெண்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு தினமும் காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தார். வேலை இல்லாத ஊரடங்குக் காலம், எல்லோருக்கும் நேரம் இருந்தது. போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஆறாவது நாள் திறந்தது. இன்னொரு சாவி செய்து கொடுத்தார்கள்.

குழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றி நமக்கு விமர்சனம் உண்டு. கடன் வசூலுக்கே குழு என்று பல ஊர்களில் ஆகிவிட்டது. இருந்தாலும் வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, கணக்கைச் சொல்லி, கையெழுத்து போட்ட பெண்கள்தான் பின்னால் ஊராட்சிகளுக்கு வந்தார்கள். அக்காவோடு வாசலில் உட்கார்ந்த நான்கு பேரும் அப்படிப்பட்டவர்கள்தான். ஒற்றை ஆளாகப் போயிருந்தால் அந்த ஆறு நாள் தாங்கியிருக்காது என்று அவரே சொல்கிறார்.

தெற்குத்திட்டைப் படம்

2020 அக்டோபரில் நம் மாவட்டத்திலிருந்தே ஒரு படம் நாடு முழுவதும் போனது வாசகர்களுக்கு நினைவிருக்கும். புவனகிரி ஒன்றியம் தெற்குத்திட்டை ஊராட்சியில், உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஆதிதிராவிடர் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருந்த படம். துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, ஊராட்சி செயலர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு இரண்டு மாதம் முன்னால், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஆகஸ்ட் 15 அன்று பெண் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளிவந்த பிறகு ஆகஸ்ட் 20-ஆம் தேதி ஆட்சியர் முன்னிலையில் அதே தலைவர் கொடியேற்றினார்.

தெற்குத்திட்டைப் படத்தை அக்கா மகளின் கைப்பேசியில் பார்த்தார். "அது அவங்க இல்ல, நான்தான்னு இருந்துச்சு" என்றார். படம் வந்த மறுநாளே ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, அவருடைய ஊராட்சியிலும் புது நாற்காலி போட்டு, பெயர்ப்பலகையும் எழுதிவிட்டுப் போனார்களாம். அக்கம்பக்கத்து ஊராட்சிகள் பலவற்றில் அந்த வாரம் புது நாற்காலி வந்தது என்று சிரித்தார். நாற்காலி கொடுப்பது அரசுக்குச் சுலபம், விலை குறைவு.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உண்மையான தகராறு தொடங்கியது. துணைத் தலைவர் காசோலையில் கையெழுத்து போடுவதை நிறுத்தினார். இதைப் படிக்கும் மாணவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறோம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 188-ஆவது பிரிவின்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே தலைவர் பதவி தலித் பெண்ணுக்குப் போன ஊரில், துணைத் தலைவர் பதவியில் ஊரின் செல்வாக்குள்ள ஆள் வந்து உட்கார்ந்துகொள்வது வழக்கம். அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பேனாவை எடுக்காமல் இருந்தாலே போதும். மின்கட்டணம் நிற்கும், தூய்மைப் பணியாளர் சம்பளம் நிற்கும், தெருவிளக்கு எரியாது. ஊர் யாரைத் திட்டும்? தலைவரைத்தான். "பொம்பளைக்கு நிர்வாகம் தெரியல" என்பார்கள். சாதியைச் சொல்லித் திட்டினால் வழக்கு வரும், இப்படிச் சொன்னால் வராது.

இருவருக்கும் ஒத்துவரவில்லை என்று ஆட்சியர் அந்தக் காசோலை அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மாற்றிவிடவும் முடியும். அதை முடிவு என்று சொல்லலாமே தவிர நீதி என்று சொல்ல முடியாது. தடுத்தவரும் தடுக்கப்பட்டவரும் ஒரே தண்டனையை அனுபவிக்கிறார்கள்.

மூன்று மாதம் கையெழுத்து இல்லை. அந்த மூன்று மாதத்தில் அக்கா ஒரு பழைய டைரியை எடுத்து, ஒவ்வொரு முறையும் காசோலையை யார் எடுத்துப் போனார், எந்தத் தேதி, துணைத் தலைவர் என்ன பதில் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்தார். எழுத்துப்பிழையோடு எழுதியதாகச் சிரிக்கிறார். திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தபோது அந்த டைரியின் நகலை இணைத்தார், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரவில்லை. விசாரணைக்கு அழைத்தபோது துணைத் தலைவர், "ஞாபகம் இல்லை" என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் அக்காவிடம் தேதி இருந்தது. பிறகு கையெழுத்து வந்தது. முணுமுணுப்போடு வந்தது என்றாலும் வந்தது.

இங்கே ஒரு சட்டப் பிரிவைச் சொல்லிவிடுகிறோம், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறையில் உள்ளது. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த 3(1)(எம்) பிரிவு, ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ள பட்டியலினத்தவரை மிரட்டியோ கட்டாயப்படுத்தியோ தடுத்தோ பணியைச் செய்யவிடாமல் ஆக்குவதையே குற்றம் என்கிறது. அடிக்க வேண்டியதில்லை, சாதிப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த வழக்குகளை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். நாம் பேசிய பெண் தலைவர்களில் இந்தப் பிரிவைக் கேள்விப்பட்டிருந்தவர்கள் மிகச் சிலரே. பயிற்சி முகாமில் மதியச் சாப்பாடும் பையும் கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

தடை ஊர்த்தெருவிலிருந்து மட்டும் வரவில்லை. அக்காவின் கணவர் கொத்தனார். நல்ல மனிதர், நாம் போனபோது டீ போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் முதல் ஆண்டில் எல்லோரும் அவரைத்தான் "தலைவரே" என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. ஒன்றிய அலுவலகத்துக்கு அக்கா தனியாகப் போனால், "உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்பார்கள். கான்ட்ராக்டர்கள் அவர் கைப்பேசிக்குத்தான் பேசுவார்கள். ஒரு சாலை வேலைக்கு அவரே வாக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அன்று வீட்டில் பெரிய சண்டை.

"ஓட்டுப் போட்டவங்க யாரு பேருக்குப் போட்டாங்க?" என்று கேட்டாராம் அக்கா. மனிதர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு புது சிம் வாங்கி வந்து கொடுத்து, "இனிமே இதுக்கு வரட்டும்" என்றார். அவரிடமே இதைப் பற்றிக் கேட்டோம். "கஷ்டமாத்தான் இருந்துச்சு சார். ஆம்பள இல்லியா" என்று தலையைச் சொறிந்தார். இதைவிட நேர்மையான பதிலை இந்த விஷயத்தில் நாம் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

நம் பக்கத்துத் தவறையும் மறைக்கக் கூடாது. தெற்குத்திட்டை செய்தி வந்த நேரத்தில் மாவட்டத்தின் பெண் தலைவர்கள் பலரிடம் இந்தப் பகுதிக்காகப் பேச முயன்றோம். நம்மிடம் இருந்த எண்களில் பெரும்பாலானவை கணவருடையவை, மகனுடையவை. அவர்கள் சொன்னதையே தலைவர் சொன்னதாக எழுதிக்கொள்ளவும் துணிந்தோம். ஒரே ஒரு கணவர்தான், "சார், அவங்ககிட்டயே கேளுங்க, வயல்ல இருக்காங்க, சாயங்காலம் பேசுங்க" என்றார். நமக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நம் இயக்கங்களிலும் இதே கதைதான். ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசை பெண்களுக்கு, மேடை ஆண்களுக்கு. போலீஸ் வேனில் ஏறும்போது சமத்துவம், தீர்மானம் எழுதும்போது இல்லை. நம் வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், சகஜானந்தர், இளையபெருமாள் இருப்பார்கள். இருக்க வேண்டியவர்கள்தான். மீனாம்பாள் சிவராஜ் எத்தனை வீட்டில் இருக்கிறார்? 1904-இல் ரங்கூனில் பிறந்தவர், பட்டியலினக் கூட்டமைப்பின் பெண்கள் மாநாடுகளுக்குத் தலைமை தாங்கியவர், அம்பேத்கர் தங்கையாக மதித்தவர். 1942 ஜூலையில் நாக்பூரில் அம்பேத்கர் பேசிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சுலோசனாபாய் டோங்ரே என்னும் தலித் பெண். நம் பெண்கள் நாற்காலியில் உட்காருவது 1996-இல் தொடங்கியது அல்ல என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. தன்னைப் போன்ற ஒருத்தி முன்பே அங்கே இருந்திருக்கிறாள் என்று தெரிந்தால், கதவோரம் நின்ற கால் இன்னும் கொஞ்சம் முன்னதாக மடங்கியிருக்குமோ என்று நினைத்துக்கொள்கிறோம்.

நடவு வயலில் இருந்த குரல்

கிராம சபைதான் அக்காவுக்குப் பெரிய மலையாக இருந்தது. 2020 ஜனவரி 26 கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, துணைத் தலைவரின் பெரியப்பா கூட்டத்தை நடத்திவிட்டார். பிறகு கொரோனாவால் வெகுநாள் கூட்டமே இல்லை. 2021 அக்டோபர் 2-இல் மீண்டும் நடந்தது. அன்றுதான் முதலமைச்சர் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபையில் கலந்துகொண்டார். தலித் ஒருவர் தலைவராகக் கூடாது என்று 1996 முதல் பத்து ஆண்டுகள் தேர்தலையே நடத்த விடாத கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளோடு சேர்ந்த அதே பாப்பாபட்டி. 2006-இல்தான் அங்கே தேர்தல் நடந்தது.

அந்த அக்டோபர் கூட்டத்துக்கு வரவு செலவை வாசிக்க வேண்டும். மகள் முன்னால் வாசித்துப் பார்த்தார், குரல் எழும்பவில்லை. அப்போது நடவுக் காலம். கூட நடவு நட்ட பெண்களில் ஒருத்தி சொன்னாளாம்: "ஏன்க்கா, வயல்ல அந்தக் கோடியில இருக்கிறவளுக்குக் கேக்கற மாதிரி கத்துறியே, அந்தத் தொண்டை எங்க போச்சு?"

அக்கா பதினைந்து ஆண்டுகளாக நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். இருபது இருபத்தைந்து பெண்கள். எந்த வயல் முதலில், யார் எந்த வரிசை, யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் துக்கம் எல்லாம் பார்த்து ஆள் பிரிப்பார். நிலக்காரரிடம் கூலி பேசுவார். பேசிய கூலி குறைந்தால் கரை ஏறிவிடுவார், இருபத்தைந்து பேரும் கூடவே ஏறுவார்கள். கூலியைப் பைசா பாக்கி இல்லாமல் பிரித்துக் கொடுப்பார். நிர்வாகம் என்பது இதுதானே? ஆனால் இதை யாரும் நிர்வாகம் என்று சொன்னதில்லை. அவரும் நினைத்ததில்லை. "அது கூலி வேலை தம்பி, அதுல என்ன தலைவரு" என்றுதான் நம்மிடமும் முதலில் சொன்னார்.

நம் பெண்களிடம் தலைமை இல்லை, அதை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்ட வேண்டும் என்று நினைப்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. இருக்கிறது. அதற்கு மதிப்பில்லாத பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த வாரம் வரவு செலவுக் கணக்கை அக்கா நடவு வயலிலேயே சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். பெண்கள் நட்டுக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்டார்கள். தெருவிளக்குக்கு இவ்வளவா? எத்தனை பல்பு? யார் மாட்டினது? கிராம சபையில் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளைவிட வயல் கேள்விகள் கடினமாக இருந்தன என்கிறார். அக்டோபர் 2 அன்று தாளைப் பார்த்து வாசித்தார், இரண்டு இடத்தில் தடுமாறினார். யாரோ சிரித்தார்கள். நின்று, தண்ணீர் குடித்து, அதே வரியை மறுபடி வாசித்தார். நடவுப் பெண்கள் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாம் வெற்றிக் கதை என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலனி மயானப் பாதை ஐந்து ஆண்டுகளில் முடியவில்லை, பாதி தூரத்தில் நிற்கிறது. ஊர்த்தெருவில் தேர் வரும்போது அவருக்கு மரியாதை செய்யவில்லை, அவரும் போகவில்லை. அவர் வாங்கிய கடன் இன்னும் இருக்கிறது. ஒருமுறை இரவில் வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. அன்று அவர் தூங்காமல் நினைத்துக்கொண்டது திருநெல்வேலி மாவட்டம் தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணியை. 2011 ஜூன் 13 அன்று அரிவாளால் வெட்டப்பட்டு உயிர் பிழைத்தவர் அவர். பெண்களுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்ட முயன்றதும் அந்தப் பகைக்கு ஒரு காரணம். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 வரை ஆனது. மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30-இல் இழந்த சமூகம் நாம். "பயப்படாதே" என்று ஒரு பெண் தலைவரிடம் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. அக்கா பயந்தார். பயந்துகொண்டே மறுநாள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு அலுவலகத்தைத் திறந்தார்.

பதவிக்காலம் முடிந்த பிறகு நடந்த ஒரு கிராம சபைக்கு அவர் போயிருக்கிறார். முன்னாள் தலைவர் என்று நாற்காலி போட வந்தார்களாம். வேண்டாம் என்று பெண்களோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு, நின்றுபோன மயானப் பாதையைப் பற்றிக் கேட்டார். என்ன வேலை, எங்கே, எவ்வளவு. தனி அலுவலர் எழுதிக்கொண்டார், பதில் இன்னும் வரவில்லை.

மகள் இப்போது சிதம்பரத்தில் முதுகலை படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டோம். பக்கத்து ஊராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் போன வாரம் அக்காவைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அடுத்த தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கிறார்களாம். வேட்புமனுவுக்கு என்னென்ன வேண்டும், சாதிச் சான்றிதழை எங்கே வாங்குவது, துணைத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், 188-ஆவது பிரிவு என்ன, 3(1)(எம்) என்ன என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் அக்கா. முதல் பக்கத்தில் அந்த மூன்று கேள்விகள் இருந்தன. "பெரிய எழுத்தா எழுதுடி, அந்தப் பொண்ணுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்துவிட்டு, உதவித்தொகைப் பாட்டியின் பையிலிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.